அக்கா போட்ட டிக்

மார்ச் 3

டேய் தம்பி,

நீ ரயில் ஏறி நாலு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி கூட இல்லை. ஏழு முறை போன் செய்துவிட்டேன். எடுக்க மாட்டாய் என்று தெரியும். எட்டு மணி நேரம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் அலறுவதைக் கேட்கப் போகிறவன், வேலை முடிந்த பிறகு எந்தப் போனையும் காதுப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்று ரயிலடியிலேயே அறிவித்துவிட்டுத்தானே போனாய்? மெசேஜ் போடலாம் என்றால் தீயில் வெந்து தோல் ஒட்டிய உன் விரலைத் தொடுதிரை ஒரு விரலாகவே மதிப்பதில்லை. சரி, பேனாவுக்கு என்ன கேடு?

மூன்று மாதம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம். இதை மறந்துவிடாதே. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போரில் அடிபட்டு வந்த ஒருவனை உட்கார வைப்பது அவர்களுக்கு இதுதான் முதல் தடவை. உன் பெயரை நான் நீட்டியபோது எங்கள் மறுவாழ்வு மையத்து இயக்குநர் புருவத்தைத் தூக்கினார். "சொந்தத் தம்பியா?" என்றார். "ஆறு வருஷம் வயர்லெஸ் பார்த்தவன் சார். என் தம்பியா பொறந்தது அவன் தப்பு இல்ல"ன்னு சொன்னேன். இங்கே என் மேஜையில் இன்னும் ஒன்பது பேரின் கோப்பு இருக்கிறது. ஒன்பது பேரும் உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்க வேண்டியவர்கள். நீ நிலைத்தால்தான் அவர்களை அங்கே அனுப்பக் கேட்க முடியும். வேலையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாயானால் கதவு சாத்தியதுதான்.

செயற்கைக் கால்களை ஆறு மணி நேரத்துக்கு மேல் மாட்டாதே. தினமும் கண்ணாடி வைத்து அடிப்பக்கத் தோலைப் பார். சிவந்திருந்தால் மறுநாள் நாற்காலிதான், வீம்பு வேண்டாம். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழைகிறதா என்று அம்மா இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டாள்.

உன் மேற்பார்வையாளர் அம்மாவிடம் நேற்று பேசினேன். உன் மேஜையை வாசல் கதவிலிருந்து தள்ளி, சுவர் ஓரமாகப் போடச் சொல்லியிருக்கிறேன். காற்றோட்டத்துக்காகத்தான்.

உடனே எழுது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

சேர்ந்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சிவக்கவில்லை. போதுமா?

அறை தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுக்காரர் அதன் மேல் ஒரு பலகையைச் சாய்த்துக் கொடுத்திருக்கிறார். நான் வந்து போவது அந்தப் பலகையின் முனகலில் தெருவுக்கே தெரிந்துவிடும். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. கதவைக் கழற்றிவிட்டுத் திரை மாட்டிக்கொண்டேன். அம்மாவிடம் நுழைகிறது என்று சொல்லிவிடு.

வேலை நடக்கும் இடம் ஒரு நீளக் கூடம். பன்னிரண்டு மேஜை, ஆளுக்கு மூன்று திரை. ஒன்றில் அழைப்பு, ஒன்றில் தெருப்படம், ஒன்றில் வண்டிகள். நல்லவேளை, எல்லாம் விசைப்பலகைதான், தொடுதிரை இல்லை. மேற்பார்வையாளர் அம்மாவுக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் கடிகாரம். அழைப்பு வந்ததிலிருந்து வண்டி கிளம்பும் வரை எத்தனை வினாடி என்று தூக்கத்திலும் எண்ணுவார் போல. என் பட்டாளத்துப் பெயரை நானே உளறிவிட்டேன். "டவரா? உட்கார்ந்தே இவ்வளவு உசரம்னா..." என்று பக்கத்து மேஜைக்காரர் ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "நின்னா இன்னும் கொஞ்சம் கம்மி"ன்னு நான் முடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். என் மேஜையை எங்கே போடுவது என்று சொல்ல நீ யார்? காற்றோட்டமாம். இந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் கடிகாரம் அம்மா, "உங்க அக்கா சொன்னாங்க"ன்னு பன்னிரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். பட்டாளத்தில் ஆறு வருஷம் இருந்தவனை ஒரே வார்த்தையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாய். நான் உன் தம்பி. உன் பத்தாவது கோப்பு இல்லை.

இன்னொன்று. என் மேல் ஒரு புகார் வந்திருக்கிறது. எப்படியும் உனக்குச் செய்தி வந்துவிடும், நானே சொல்கிறேன். அப்பா மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று ஒரு பெண் அழைத்தார். பட்டாளத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் ஒருவன் அடி எடுத்து வைக்க மாட்டான். நானும் வழக்கம் போல, "அப்பா. மாடிப்படி. மூச்சு இருக்கு. பேச்சு இல்ல. தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு. சரிதானே?" என்றேன். வண்டி ஆறு நிமிஷத்தில் போய்விட்டது. அப்பாவும் பிழைத்தார். மறுநாள் அந்தப் பெண், "நான் கதறிட்டு இருக்கேன், அந்த ஆள் நான் சொன்னதையே சொல்லி நக்கல் பண்றான்"ன்னு எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணையாம். உட்கார்ந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை.

தம்பி

மார்ச் 18

தம்பி,

மன்னிப்புக் கேட்டுவிடு. யார் சரி, யார் தப்பு என்பது வேண்டாம். திருப்பிச் சொல்வதை நிறுத்திவிடு, அல்லது மனதுக்குள் சொல்லிக்கொள். தற்காலிகத்தில் இருப்பவனுக்கு ஒரு புகாரே அதிகம்.

புகார் வேறு எதைப் பற்றியும் இல்லையே? திருப்பிச் சொன்னதற்கு மட்டும்தானே? நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில் சத்தம் எப்படி? பக்கத்தில் எதுவும் இடிக்கிறார்களா, கட்டுகிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

எனக்கு இந்த வாரம் ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு கண்ணும் போன ஒருவரை ஒரு இசைக்கருவிக் கடையில் சேர்க்கப் பார்க்கிறேன். பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், அருமையான காது. கடைக்காரரோ, "படியேறி வருவாரா?"ன்னு கேட்கிறார். அவருக்குப் போனது கண், கால் இல்லை என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது. உன் அத்தான் என்னைப் பார்த்து, "அவன் வேலைக்குப் போயிட்டான். நீதான் இன்னும் அவனைச் சேர்த்துக்கிட்டே இருக்கே"ன்னு சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

மேற்பார்வையாளரிடம் இனிப் பேச மாட்டேன். சத்தியம். நீ மட்டும் வாரம் ஒரு கடிதம் போடு.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காமலே முடிந்துவிட்டது. கடிகாரம் அம்மா என் ஒலிப்பதிவுகளை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டார். மற்றவர்களுடையதையும் கேட்டார். போன மாதம் இந்தக் கூடத்திலிருந்து பதினொரு வண்டிகள் தப்பான தெருவுக்குப் போயிருக்கின்றன. என் மேஜையிலிருந்து ஒன்று கூட இல்லை. "இனிமே எல்லாரும் முகவரியத் திருப்பிச் சொல்லணும். ஆனா கொஞ்சம் மனுஷன் மாதிரி சொல்லுங்க"ன்னு என்னைப் பார்த்துக்கொண்டே உத்தரவு போட்டார். இப்போது மற்ற பதினொரு பேரும் டவர் மாதிரிதான் பேசுகிறார்கள். நான் மட்டும் மனுஷன் மாதிரி பேசப் பழகுகிறேன்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய கடிதம் இது. இருக்க முடியவில்லை. வியாழக்கிழமை ஒரு அழைப்பு வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அடிபட்டவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்கும் தெருமுனைக்கும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், வருகிறேன். அந்தப் பலகை முனகி முனகி வீட்டுக்காரரே எட்டிப் பார்த்துவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். இந்த வேலைக்கு விண்ணப்பம் நீதான் நிரப்பினாய். மறு அறுவைக்குப் பிறகு என் கைக்கு அப்போது கட்டுப் போட்டிருந்தது, படிக்காமலே கீழே கிறுக்கினேன். அதில் என்ன எழுதினாய்?

தம்பி

ஏப்ரல் 12

தம்பி,

பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா, உன் திறமை எங்கே போனாலும் தலை தூக்கும் என்று! அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பக்கத்து வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

விண்ணப்பத்தில் என்ன இருக்கும்? பெயர், வயது, படிப்பு, வயர்லெஸ் அனுபவம், இரண்டு கால் இல்லை, வலது கை தீக்காயம். எல்லோருக்கும் எழுதுவதுதான். இப்போது எதற்கு அதெல்லாம்? கால் உறை நாலு ஜோடி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், பருத்தி. வெயில் ஏறுகிறது, பழைய உறையைத் தூக்கிப் போடு.

வியாழக்கிழமை என்ன அழைப்பு? சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் விட்டுவிடு. எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

தோண்டிவிட்டேன்.

வியாழக்கிழமை அழைத்தது ஒரு டயர் கடை. காற்றடைக்கும் தொட்டி வெடித்து ஒருவருக்குத் தொடையில் தகடு பாய்ந்திருந்தது. கூட்டாளி அழைத்தார். முகவரி பாதி சொல்லியிருப்பார், இரண்டாவது தொட்டி வெடித்தது. என் ஹெட்போனுக்குள் வெடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, என் இரண்டு கையும் மேஜைக்கு அடியில் என் கால்களைத் தேடிக்கொண்டிருந்தன. காதில் அந்த மனிதர், "ஹலோ, சார், இருக்கீங்களா? சார்!" என்று கத்திக்கொண்டிருந்தார். திரையில் மணி ஓடுவதைப் பார்த்தேன். பதினொரு வினாடி. பிறகு மிச்ச முகவரியை வாங்கினேன், திருப்பிச் சொன்னேன், வண்டி போனது. அடிபட்டவர் பிழைத்தார். அந்தப் பதினொரு வினாடியால் அவருக்கு எதுவும் குறையவில்லை என்று மருத்துவர் சொன்னாராம். அடுத்தவருக்கும் குறையாது என்று யார் சொல்வார்?

யாருக்கும் தெரியவில்லை, அக்கா. அதுதான் கொடுமை. கடிகாரம் அம்மா வந்து தோளில் தட்டி, "பதறாம கேட்டீங்க, நல்லது"ன்னார். வாயடைத்து உட்கார்ந்திருந்ததைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டார். நானும் சும்மா இருந்தேன்.

இங்கே ஆம்புலன்ஸ் கொட்டகையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். முழங்கைக்குக் கீழே இடது கை கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ சேர்த்துவிட்டவர்தான். டீ குடிக்கும்போது உன் பேச்சு வந்தது. "உங்க அக்கா பேசிக்கிட்டே இருக்கும்போது திடீர்னு அந்த இரும்பு அலமாரி டிராயர அறைவாங்களே! நான் நாற்காலியோட பின்னாடி சாஞ்சுட்டேன். அப்புறம் அவங்களே தூக்கி உட்கார வெச்சு, தண்ணி கொடுத்து, மன்னிச்சுக்கங்க, இது தெரியாம உங்கள எங்கயும் அனுப்ப முடியாதுன்னாங்க"ன்னு சிரித்தார். எனக்கு அறையவே இல்லையே என்றேன். "சும்மா இருங்க. அவங்க யாரையும் விட்டதில்ல"ன்னார்.

என்னை விட்டிருக்கிறாய்.

மூன்று மாதம் முடியும் முன்பே, நேற்று, நிரந்தரமாக்கும் தாளை அனுப்பிவிட்டார்கள். பழைய விண்ணப்பத்தின் நகலை இணைத்து, 'மேற்கண்டவை உண்மை' என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒன்பதாவது கேள்வி: திடீர்ச் சத்தம் கேட்டால் செயலிழப்பது உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக். வாலை இழுத்து அடுத்த கட்டம் வரை விடுவாயே, அதே டிக்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது.

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

தெரியும்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் அம்மா சமையலறையில் ஒரு தகர டின்னைக் கீழே போட்டாள். நீ நாற்காலியிலிருந்து அவள் மேல் பாய்ந்து, தரையோடு தரையாக அழுத்திப் பிடித்துக்கொண்டாய். நானும் அத்தானும் சேர்ந்துதான் உன்னைப் பிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து, ஏன் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டாய். அம்மாவின் உதட்டில் நாலு தையல். குளியலறையில் வழுக்கியது என்று அவள்தான் சொல்லச் சொன்னாள். அன்றிலிருந்து நம் வீட்டில் எந்தக் கதவும் சத்தமாகச் சாத்தியதில்லை. நீ என் அலுவலகத்துக்கு வந்த நாளில் அந்த டிராயரின் விளிம்பில் துணியை மடித்து வைத்திருந்தேன். தெரிந்த பதிலை எதற்கு மறுபடியும் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கேட்டால் எழுத வேண்டி வரும். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது என் பக்கத்தையும் கேள். டிராயர் சத்தத்தில் விழுந்தவர்கள் இதுவரை பதினேழு பேர். பதினேழு பேருக்கும் 'ஆம்' என்று நேர்மையாக டிக் போட்டேன். இரண்டு பேருக்குத்தான் வேலை கிடைத்தது. மெக்கானிக் அதில் ஒருவர். மீதிப் பதினைந்து பேருக்கும், "பிறகு தெரிவிக்கிறோம்." அதில் ஒருவர் மூன்று வருஷமாக வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், கதவிடுக்கு வழியாகத்தான் பேசுவார். உன்னை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. முடியாதுடா. அந்தப் பதினைந்து பேருக்கும் அக்கா இருப்பாள், தங்கை இருப்பாள். இதைக் கேட்டால் என் முகத்தில் துப்புவார்கள். துப்பட்டும்.

கையெழுத்தைப் போட்டுவிடு. உன்னைக் காலில் விழுந்து கேட்கிறேன். ஒரு தடவை நடந்தது, தடுமாறினாய், சமாளித்தாய். நிரந்தரமான பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அப்போது வெளியே அனுப்புவது கஷ்டம். எனக்குச் சட்டம் தெரியும்.

அக்கா

மே 1

அக்கா,

கையெழுத்துப் போடவில்லை. கடிகாரம் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். எழுதிக்கொண்டு போனதை இரண்டு தடவை படித்தார். "யாருக்கும் தெரியாதே. ஏன் சொன்னீங்க?" என்றார். "எனக்குத் தெரியுமே மேடம்." பிறகு கையை நீட்டினார். ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தேன். இப்போது மூலையில் உட்கார்ந்து புதிய தெருக்களின் பெயர்களைப் படத்தில் ஏற்றுகிறேன். அதுவும் இந்த மாதம் வரைதான்.

டிக் போட்டது யார் என்று கேட்டார். சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், ஆமாம்.

கோபம் நீ பொய் சொன்னதற்கு இல்லை. அம்மா சொல்லாத பொய்யா? இந்த வேலைக்கு நான் லாயக்கா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு தூரம் தனியாக வந்தேன். புகார் வந்து, ஜெயித்து, மற்ற பதினொரு பேரும் என்னைப் போலப் பேசியபோது, ஆகா, லாயக்குத்தான் என்று நினைத்தேன். இப்போது அது எனக்குக் கிடைத்ததா, நீ எழுதிய ஒரு ஆளுக்குக் கிடைத்ததா என்று எனக்கே தெரியவில்லை. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய்.

அம்மாவின் உதட்டை நினைத்தால் பேனா ஓடவில்லை. இப்போதைக்கு எழுதாதே.

தம்பி

மே 16

தம்பி,

எழுதாதே என்றாய். பதினைந்து நாள் பொறுத்தேன். எனக்கு அது பெரிய சாதனை.

இயக்குநரிடம் நானே போய்ச் சொன்னேன். உன் மேற்பார்வையாளரின் கடிதம் மறுநாள்தான் வந்தது. ஒரு நாள் முந்தியதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி. ஆறு மாதம் யாரையும் வேலையில் சேர்க்கக் கூடாது, பதிவேட்டு அறையில் உட்கார வேண்டும். ஒன்பது பேரின் கோப்பையும் வேறொருவர் எடுத்துக்கொண்டார். சுருதி சேர்ப்பவரின் கோப்பைக் கொடுக்கும்போதுதான் கை வரவில்லை.

அம்மாவிடம் உனக்குச் சொல்லிவிட்டதைச் சொன்னேன். என்னை அடிக்காத குறை. "உதடு ஆறி எத்தனை நாளாச்சு! என்னை மூடித்தானே படுத்தான்? குண்டு விழுந்தா அவன் மேல விழட்டும்னுதானே படுத்தான்? அத எதுக்கு அவன்கிட்ட போய்ச் சொன்னே?"ன்னு கேட்டாள். 

விஷயத்துக்கு வருகிறேன். நீ புதிதாக விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து கடிதம் வந்தது. என்னிடம் மறைத்துத்தான் போட்டாய். பரவாயில்லை. கூட இருந்து பார்த்த ஒருவர் எழுதிய குறிப்பு வேண்டுமாம். அதிகாரியாக நான் எழுத முடியாது. குடும்பத்தில் ஒருத்தியாக எழுதலாம் என்று இயக்குநர் அனுமதி கொடுத்தார். நாலு தடவை கிழித்துப் போட்டு, ஐந்தாவதாக எழுதியது இது. அனுப்புவதற்கு முன் நீ பார். தப்பு இருந்தால் அடித்துவிடு.

"இவர் என் தம்பி. இரண்டு கால்களும் வலது கையில் பாதிச் செயலும் இல்லை. எதிர்பாராத பெரிய சத்தம் கேட்டால் சில வினாடிகள் இருக்கும் இடம் மறந்துவிடுவார். முன்கூட்டியே தெரிந்த சத்தத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டில் ஒருமுறை சத்தம் கேட்டு, அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கீழே தள்ளியதில் அம்மாவின் உதட்டில் காயம் ஏற்பட்டது. இந்த உண்மையை முதல் விண்ணப்பத்தில் மறைத்தது நான். அவருக்குத் தெரியாது. ஏப்ரலில் பணியின்போது பதினொரு வினாடி செயலிழந்தார், அதை அவரே தெரிவித்தார். இப்படி ஆகும்போது அவருடைய வலது தோள் காது வரை ஏறிவிடும். அவருக்குத் தெரிவதற்கு முன் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பி வருவதில்லை. 'இப்போது எங்கே இருக்கிறாய்?' என்று கேட்டால் வந்துவிடுவார். மற்ற நேரங்களில் அவர் கேட்டதைத் தப்பாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் மிகவும் நல்ல பிள்ளை."

இதில் தோள் விஷயம் உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். இரண்டு வருஷமாக நான் உன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா

மே 22

அக்கா,

ஒரு திருத்தம். பதினொரு வினாடி இல்லை. நான் மணியைப் பார்க்க ஆரம்பித்ததே கொஞ்சம் கழித்துத்தான். கடிகாரம் அம்மா ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பதினான்கு. மாற்றிவிடு.

கடைசி வரியை அடித்துவிடு. நல்ல பிள்ளையா என்று அவர்கள் கேட்கவில்லை.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இன்றே அனுப்பு. வேண்டாம் என்றால் என்னைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லட்டும்.

தம்பி

ஜூன் 20

அக்கா,

மூன்று பேர் உட்கார்ந்து உன் குறிப்பைச் சத்தமாகப் படித்தார்கள். அம்மாவின் உதடு வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அவர்களில் ஒருவர், "இதெல்லாம் சேர்த்து உங்கள எடுக்கணும்னா எங்களுக்கு என்ன லாபம்?"னு நேராகவே கேட்டார். "உங்க கூடத்துல இன்னும் பதினொரு பேர் இருக்காங்க சார். அவங்களுக்கு எப்போ என்ன ஆகும்னு உங்ககிட்ட எழுதியிருக்கா?"ன்னேன். கடிகாரம் அம்மா குனிந்து எதையோ தேடினார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து மூன்று மாதம் தற்காலிகம். சில நிபந்தனைகள். பக்கத்து மேஜைக்காரர் என் அழைப்பையும் ஒரு காதில் கேட்டுக்கொண்டிருப்பார். என் தோள் ஏறினால் அழைப்பை அவர் எடுத்துக்கொள்வார். நாக்கைக் கடித்துக்கொண்டாரே, அவரேதான். நாள் முழுக்க என் தோளையே பார்க்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. புதுச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ பிரித்துப் படிக்காதே. உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுக்கப் போகவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தால் நன்றாக இருக்கும் என்று இருக்கிறது. வா. கடிகாரம் அம்மாவைப் பார்க்க வேண்டாம். என்னை மட்டும் பார்த்துவிட்டுப் போ.

இன்று காலை ஒரு உணவகத்திலிருந்து அழைத்தார்கள். சமையல்காரருக்கு நெஞ்சு வலி. பேசிக்கொண்டிருக்கும்போதே அங்கே யாரோ ஒரு அடுக்குத் தட்டைக் கீழே போட்டார்கள். எனக்குக் கூடமே மறைந்துவிட்டது. "டவர், இப்போ எங்க இருக்கீங்க?" என்று பக்கத்து மேஜையிலிருந்து குரல் கேட்டது. மேஜையில் இருக்கிறேன் என்றேன். அதற்குள் பக்கத்து மேஜைக்காரர் முகவரியை வாங்கித் திருப்பிச் சொல்லி முடித்திருந்தார். வண்டி நேரத்துக்குப் போய்விட்டது. நான் தண்ணீர் குடித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை, எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த அழைப்பு வந்தது. எடுக்கட்டுமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நானே எடுத்தேன்.

தம்பி